ஜெபசீலன் முழங்கால் போட்ட கதை

சாக்குச் சொல்வதற்கு யாராவது ஒரு பரிசு வைத்தால் அது வேறெங்கும் போகாது, நேராகச் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொல்லும் சாக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். நோட்டை மழையில் நனைத்த பிள்ளையும் உண்டு, ஒரே தாத்தாவை வருஷத்துக்கு இரண்டு தடவை சாகடித்த பிள்ளையும் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவர்கூட என் வீட்டுக்காரர் ஜெபசீலனின் கால் தூசிக்கு ஈடாக மாட்டார்.

ஆள் தங்கமானவர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்டியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பர்வைசர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். சர்ச் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டே மெலிந்துபோன மாதிரி இருக்கும். அவருடைய அப்பா தவறியபோது தம்பி ஆஸ்டின் பள்ளிக்கூடம் போகிற பையன். அவனைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டு, பரீட்சைக்குக் கூடவே விழித்திருந்து, ஆளாக்கியது இவர்தான். கல்யாணமான புதிதில் வாலிபர் சங்க வாலிபால் டீமில் வலைக்கு மேலே எழும்பி அடித்தவரும் இவர்தான். அந்த மனிதரா இந்த மனிதர் என்று கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நான் என்ன செய்ய? ஆபீசில் நாற்காலி, வீட்டில் சோபா, நடுவில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஓடிப்போய்ப் பிடிக்கிற சீட். வருஷக்கணக்கில் இப்படி உட்கார்ந்தே கழித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

உடற்பயிற்சி செய்ய மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் கொடுமை. செய்கிறேன் என்றுதான் சொல்வார். ஏரிக்கரையில் நடக்கப் போகிறேன் என்று ஷூ வாங்கினார். ஷூ கடித்தது. கடிக்காத ஷூ வாங்கினார். நாய் குரைத்தது. நாய் இல்லாத பக்கமாகப் போங்களேன் என்றால் அந்தப் பக்கம் வெயில். வெயிலுக்கு முன்னால் எழுந்து போங்கள் என்றால் பனி, தொண்டை கட்டினால் பாட முடியாதாம். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் எபி, நடையைக் கணக்கெடுக்கிற வாட்ச் ஒன்றை அனுப்பினான். அதைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பாட்டுப் பழகினார். வாட்ச் அதையும் நடை என்று நம்பி அவரைப் பாராட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கிக் குக்கரில் போட்டிருப்பேன்.

ஒரு தடவை ஜிம்முக்கும் போனார். முதல் நாளே பழைய வாலிபால் நினைப்பில், பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் தூக்கியதையெல்லாம் தானும் தூக்கினார். மறுநாள் தலை சீவக் கை எழும்பவில்லை, நான்தான் சீவிவிட்டேன். "ஜிம் எனக்கு ஒத்துக்கல புஷ்பம்" என்றார், ஏதோ கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாத மாதிரி. என்னைக் கேட்டால் எனக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறேன், வந்து வீட்டு வேலை பார்க்கிறேன், அதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது?

போன கிறிஸ்துமஸுக்கு ஆஸ்டினும் அவன் மனைவி செல்வமேரியும் மகள் ஜெரூஷாவும் சிட்லபாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு தயார் என்று நான் கூப்பிட்டதும் எல்லோரும் எழுந்தார்கள். இவர் மட்டும் சோபாவில் முன்னும் பின்னும் ஆடி, ஒரு கையை ஊன்றி, "ஸ்ஸ்ஸ், அம்மாடி" என்று எழுந்தார். ஆஸ்டின் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணன் எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த கிறிஸ்துமஸே வந்துரும்போல" என்றான். எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

முடியவில்லை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாகப் போய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியின் ஓரமாக முழங்கால் போட வேண்டும். ஆயர் அப்பமும் திராட்சரசமும் கொடுத்துக்கொண்டே போவார். வாங்கியவர்கள் எழுந்து நகர்ந்தால்தான் அடுத்த வரிசைக்கு இடம். ஜனவரியில் விடியற்காலை ஆராதனைக்குப் போனோம், கூட்டம் அதிகமில்லை. ஆண்கள் பக்கம் இவர் முழங்கால் போட்டார், வாங்கினார், எழவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இவர் கிராதியைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது கிறீச்சென்றது. பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை மதியழகன் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். "இன்னா சார், கால் மரத்துப் பூச்சா?" என்று மெதுவாகக் கேட்டான். "ஆமாப்பா, மரத்துப் போச்சு" என்றார் இவர், பிடித்துக்கொள்ளக் கொம்பு கிடைத்த மாதிரி.

அடுத்த மாதத்திலிருந்து, விடியற்காலையில் பார்த்தவர்கள் கண்ணில் படாமல், ஆஸ்டின் குடும்பம் வரும் இரண்டாம் ஆராதனைக்கு மாறினார். திருவிருந்து நேரம் வந்ததும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டால், வெறும் வயிற்றோடு வாங்க வேண்டியதை மறந்து காபி குடித்துவிட்டாராம். அதற்கடுத்த மாதம் சளி, ஒரே கிண்ணத்தில் குடிப்பதால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். சபை ஜனங்கள் மேல் என்ன அக்கறை! முடியாதவர்கள் நின்றுகொண்டே வாங்கலாம் என்று ஆயரே சொல்லியிருக்கிறார் என்றேன். "நிக்கறது கிழவங்க. என்னைக் கிழவன்ங்கறியா?" என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கோபத்தில் மட்டும் சட்டென்று எழுந்தார்.

எங்கள் சபை ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் திருவிருந்துக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு முழங்காலில் ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. யார் மேலேயோ மனஸ்தாபம் என்றுதான் தோன்றும். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு பீடத்துக்குப் போகக் கூடாது, முதலில் சமாதானமாகிவிட்டு வா என்று ஞாயிறு பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதனால் யார் பெஞ்சில் உட்கார்ந்தாலும் மற்றவர்கள் மனதுக்குள் ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் செல்வமேரி போன் செய்தாள். ஹலோ சொல்வதற்குள் அழுகை.

"அக்கா, அத்தானுக்கு எங்க மேல என்னக்கா கோவம்?"

"கோவமா? யாருக்கு?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு இவரு வெளையாட்டா சொன்னது அத்தான் மனசுல தங்கிடுச்சுக்கா. அதுக்கப்புறம்தானே அத்தான் திருவிருந்தே எடுக்கல. என்னால அண்ணன் எடுக்கல, நான் மட்டும் எப்படி எடுக்கறதுன்னு இவரும் எடுக்கறதில்ல. ஈஸ்டர் முடிஞ்சதும் ஜெரூஷாவுக்குத் திடப்படுத்தல் வருது. அண்ணன் வந்து பக்கத்துல முழங்கால் போட்டாத்தான் நானும் போடுவேன்னு ஒரே பிடிவாதம். புள்ள அழுவுதுக்கா."

எங்கள் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் பெரிய நாள். பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திருவிருந்து கிடைக்கும். அன்று மட்டும் ஆண் பெண் என்று பிரியாமல், பிள்ளையோடு குடும்பமே ஒரே வரிசையாக முழங்கால் போடுவது எங்கள் சபை வழக்கம். அந்த வரிசையில் அப்பாவும் பெரியப்பாவும் இல்லாமல் அந்தப் பெண் எப்படிப் போகும்?

எனக்கு வந்ததே கோபம். போனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே தம்பிக்குப் போன் போடுவார் என்று பார்த்தால், டிவி ரிமோட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, கோவமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அப்ப ஏன் எடுக்கலன்னு கேப்பானே?"

"கேட்டா உண்மையச் சொல்லுங்க."

ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "கோவக்காரன்னா அதுல ஒரு மரியாதை இருக்கு புஷ்பம். முட்டி போட்டா எந்திரிக்கத் தெரியாதவன்னா என்ன இருக்கு? அதுவும் அவன்கிட்ட. அவனத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தவன் நான்" என்றார்.

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "சரி. திடப்படுத்தலுக்குள்ள எந்திரிச்சுக் காட்டுங்க. இல்லன்னா நானே மைக்கைப் பிடிச்சு சபைக்கே சொல்லிடுவேன்" என்றேன். நான் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாளே ராஜகீழ்ப்பாக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் ஆஷாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆஷா என்னிடம் கணக்குப் படித்த பெண். அப்போது வாயே திறக்காது. இப்போது பேச்சில் வெட்டிப்போடுகிறது. முட்டியை மடக்கிப் பார்த்தது, நீட்டிப் பார்த்தது, எக்ஸ்ரேயைப் பார்த்தது. பிறகு இவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "கைய மார்ல கட்டிக்கிட்டு எந்திரிங்க சார்" என்றது. இவர் முன்னால் சாய்ந்தார், முக்கினார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"முட்டியில பெருசா ஒண்ணும் இல்ல சார். தொடைக்குத்தான் நீங்க வேலையே குடுக்கல."

"தினமும் நடந்தா சரியாயிடுமாம்மா?"

"நடங்க, நல்லது. ஆனா நடந்தா நடக்கத்தான் வரும் சார். முட்டி போட்டு எந்திரிக்கணும்னா அதையேதான் கொஞ்சம் கொஞ்சமா பழகணும்."

கட்டிலின் மேல் தலையணைகளை அடுக்கி உயரமாக்கி, அதில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும். சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிட வேண்டும். கட்டில் பழகினால் நாற்காலி. நாற்காலி பழகினால் தரையில் தலையணை போட்டு ஒரு முட்டி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் இரண்டு முட்டி. ஒருநாள் செய்தால் மறுநாள் அந்தத் தொடைக்கு ஓய்வு. "அவ்ளோதானா?" என்றார் இவர், ஏமாற்றமாக. "அவ்ளோதான் சார். ஆனா செய்யணும்" என்றது ஆஷா.

செய்யணும் என்றதும் ஆரம்பித்தது பழைய கச்சேரி. ஆபீசில் ஆடிட், நேரமில்லை என்று ஆஷாவுக்கு வாட்ஸப் போட்டார். 'எங்க மிஸ் சட்னி அரைக்கிற நேரம் போதும் சார்' என்று பதில் வந்தது. கரண்ட் இல்லை என்று போட்டார். 'தொடைக்குக் கரண்ட் வேண்டாம் சார்.' ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலமாக இருந்ததால் புது ஆயுதமும் கிடைத்தது. "உபவாச நாள்ல உடம்பையே நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது புஷ்பம்" என்றார் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு. "நேத்து உங்க ஆபீஸ் தசரதன் வீட்டுக் கல்யாணத்துல பிரியாணியை மட்டும் நெனச்சீங்களே" என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எப்படியோ ஒரு தலையணை குறைந்தது. அன்றைக்கு இவர் பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! எபிக்கு வீடியோ அனுப்பினார். தாம்பரம் ஸ்டேஷனில் நகரும் படியை விட்டுவிட்டு சாதாப் படியில் ஏறி வந்ததாக என்னிடம் வந்து பெருமையடித்தார். அந்த வேகத்தில் யாரும் சொல்லாமலேயே ஒருநாள் எல்லாத் தலையணையையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் முட்டி போட்டுப் போட்டு எழப் பார்க்க, மறுநாள் முட்டி இட்லி மாதிரி வீங்கிவிட்டது. வலியில் முனகுகிறார், முகத்தில் பார்த்தால் ஒரு நிம்மதி. கடைசியில் நிஜமான ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதே! ஆஷா அதிலும் மண் போட்டது. "வீக்கம் வத்தற வரைக்கும் லீவு உண்டு சார். டிஸ்சார்ஜ் கிடையாது."

ஈஸ்டர் வந்தது. வருஷாவருஷம் ஈஸ்டர் சாப்பாடு ஆஸ்டின் வீட்டில்தான். இந்த வருஷம் ஜெரூஷா மட்டும் ஸ்கூட்டியில் டிபன் கேரியரோடு வந்தாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல பெரியப்பா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சாக்குச் சொல்லத் தெரியாத பிள்ளை. போகும்போது திரும்பி, "என் திடப்படுத்தலுக்கு நீங்க வருவீங்கல்ல?" என்று கேட்டாள். இவர் தலையாட்டினார். கேரியரைத் திறந்து வைத்தேன், இவர் தொடவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போனபோது படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார், நான் சொல்லாமலேயே. கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் இவர் வாயிலிருந்து நான் ஒரு சாக்கும் கேட்கவில்லை.

திடப்படுத்தலுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம். நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட் திறந்த சத்தம் கேட்டுப் பார்த்தால் ஆஸ்டின். இளைத்துப்போயிருந்தான். "அண்ணன் இருக்காரா அண்ணி? இன்னிக்குப் பேசித் தீர்த்துடணும்" என்றான். "உள்ளதான் இருக்காரு, போ" என்று சொல்லிவிட்டுக் காபி போட்டேன்.

காபியோடு போனால், நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்ல! இவர் கட்டிலோரம் தலையணை மேல் இரண்டு முட்டியும் போட்டு, கண்ணை இறுக மூடி, முகமெல்லாம் வேர்வையாக, "ஆண்டவரே... ஆண்டவரே..." என்று முனகிக்கொண்டிருக்கிறார். வலிக்கு முனகுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்டினுக்குத் தெரியாதே! அண்ணன் தனியாகக் கண்ணீரோடு ஜெபிக்கிறார் என்று நினைத்து, அவனும் பக்கத்தில் தொப்பென்று முழங்கால் போட்டு, சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜெபத்தின் நடுவில் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. நான் காபியோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆஸ்டின் அப்பா செத்ததிலிருந்து தொடங்கினான். சைக்கிள் வந்தது, பரீட்சை வந்தது, முதல் சம்பளத்தில் அண்ணன் தனக்கு வாங்கித் தந்த பூட்ஸ் வந்தது. அப்படிப்பட்ட அண்ணனை எல்லோர் முன்னாலும் கேலி பண்ணிவிட்டேன், என்னை மன்னிக்க அவருக்கு மனசு கொடும் என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். இவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தொடை வெடவெடவென்று ஆடியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

ஒருவழியாக ஆமென் வந்தது.

"டேய் ஆஸ்டின்" என்றார் இவர். "நான் ஜெபம் பண்ணலடா."

"அண்ணா?"

"எக்சர்சைஸ் பண்ணிக்கிட்டிருந்தேன். உன்மேல எனக்கு என்னடா கோவம்? சர்ச்சுல முட்டி போட்டா எந்திரிக்க முடியல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான்டா."

ஆஸ்டின் அவரையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "இதுக்காண்ணா? இத்தன மாசமா நான் தூங்கல, தெரியுமா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கன்னமெல்லாம் ஈரம், நிறுத்த முடியாத சிரிப்பு. எழுந்து நின்று அண்ணனுக்குக் கை கொடுத்தான்.

"கைய எடுடா. ஆஷா திட்டும்."

வலது காலை முன்னால் வைத்தார். தொடையில் கையை ஊன்றினார். மெதுவாக, மிக மெதுவாக, எழுந்து நின்றார். நான் கைதட்டினேன். "விரல் கட்டில்ல பட்டுச்சு, இது கணக்குல சேராது" என்றார் அவரே. சாக்குச் சொல்லியே காலம் தள்ளிய மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததற்கே நான் இன்னொரு தடவை கைதட்டியிருக்க வேண்டும்.

திடப்படுத்தல் அன்று ஆலயம் நிறைந்திருந்தது. ஜெரூஷா வெள்ளைப் புடவையும் முக்காடுமாக முன்னால் போனாள். அடுத்து ஆஸ்டின், செல்வமேரி, இவர், நான். தூணோரம் கோயில்பிள்ளை மதியழகன் தயாராக நின்றுகொண்டான். எல்லோரும் முழங்கால் போட்டோம். அப்பம் வாங்கினேன், ரசம் வாங்கினேன். கர்த்தர் மன்னிக்க வேண்டும், என் நினைப்பெல்லாம் பக்கத்திலிருந்த தொடையின் மேல்தான் இருந்தது.

எழ வேண்டிய நேரம். வலது கால் முன்னால் வந்தது. கை கிராதியைத் தொடவில்லை. என்னைத் தொடவில்லை. மனிதர் எழுந்து நேராக நின்றார். தூணோரம் மதியழகன் ஒரு அடி பின்னால் போனான். ஜெரூஷா முக்காட்டுக்குள்ளிருந்து பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாடா! ஜனவரியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது. கண்ணீர் வந்தது.

துடைத்துக்கொண்டு நானும் எழப் பார்த்தேன். எழ வரவில்லை. மாதாமாதம் கிராதியைப் பிடித்து ஒருவழியாக எழுந்துவிடுகிறவள்தான், அன்றைக்கு அதுவும் நடக்கவில்லை. இன்னொரு தடவை முக்கிப் பார்த்தேன். கிராதி கிறீச்சென்றது. பின்னால் அடுத்த வரிசை காத்துக்கொண்டு நிற்கிறது. நாள் முழுக்க வகுப்பில் நிற்கிற புஷ்பம் டீச்சர், பேராயர் முன்னால் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்தது. இவர் குனிந்து, பாடகர் குழுவுக்குக்கூடக் கேட்காத குரலில், "கால் மரத்துப் போச்சுன்னு சொல்லிடு புஷ்பம், நம்புவாங்க" என்றார்.

திங்கட்கிழமை எங்கள் கட்டிலில் மறுபடியும் தலையணைகள் ஏறின. எல்லாம் இவரே அடுக்கினார். எனக்கு அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். தலைக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்றார்.